கொக்குக்கு ஏசிய குரல்

என் மேசையில், கணினிக்குப் பக்கத்தில், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். சிவப்புப் பிளாஸ்டிக் சட்டம். பின்பக்கத்தில் ஒட்டியிருந்த நடிகையின் படம் உப்புக்காற்றில் உரிந்து, இப்போது ஒரு கண்ணும் கொஞ்சம் பூவும்தான் மிச்சம். என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தங்களுக்குள் சிரிப்பார்கள். அக்காவுக்கு அழகு பார்க்கவே நேரம் போதாது என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அனிமேசன் செய்கிறவர்களுக்குக் கண்ணாடி எதற்கு என்று முதல் வாரத்திலேயே விளக்கிவிடுவேன். கீறிய முகம், அதாவது வரைந்த முகம், ஒன்று பேசவேண்டுமென்றால், ஒவ்வோர் ஒலிக்கும் உதடு எப்படிக் கூடுகிறது, எப்படி விரிகிறது, பல் எப்போது தெரிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கீறவேண்டும். அநேகமாக எல்லோரும் கண்ணாடியில் தங்கள் வாயைத்தான் பார்ப்பார்கள். என் முதல் படத்தை நான் அப்படிச் செய்யவில்லை. அதில் பேசுகிற வாய் என் சின்னம்மாவுடையது. இந்தக் கண்ணாடியும் அவருடையதுதான். அந்த வாயிலிருந்து அவருடைய குரலைப் பிடுங்கி எறிந்தார்கள். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆத்திரம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இவ்வளவு காலமும் தள்ளிப்போட்டேன். அது ஆறுகிற ஆத்திரமாகத் தெரியவில்லை.

சின்னம்மா அம்மாவின் தங்கை. மட்டக்களப்புக்கு வடக்கே மாங்கேணியில், பிரதான வீதியிலிருந்து கரைக்கு இறங்கும் ஒழுங்கையின் முனையில் ஐஸ் கடை வைத்திருந்தார். கடை என்றால் நாலு தென்னங்குற்றி, மேலே தகரம், உள்ளே மரத்தூள் நிரப்பிய பெரிய பெட்டி, அவ்வளவுதான். வாழைச்சேனைப் பக்கமிருந்து லொறியில் ஐஸ் கட்டிகள் வரும். அவற்றை உடைத்து, மோட்டார் சைக்கிளில் றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டி கட்டிக்கொண்டு மீன் எடுக்க வரும் வியாபாரிகளுக்குக் கொடுப்பார். சித்தப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர். வீட்டில் நிற்கும் நாட்கள் குறைவு, நிற்கும் நாட்களில் அவருடைய பேச்சு அதைவிடக் குறைவு. அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் சின்னம்மாதான் பேசினார். ஐஸ் உடைபடும் சத்தத்துக்கு மேலால் பேசிப் பேசி அவருடைய குரல் தடித்துப்போயிருந்தது. ஒழுங்கையின் இந்த முனையில் அவர் கூப்பிட்டால் அந்த முனையில் வள்ளம் தள்ளுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சிறுவயதில் கிணற்றுக்கட்டில் விழுந்ததில் மேலுதட்டில் ஒரு தழும்பு இருந்தது. பேசும்போது உதட்டின் இடது பக்கம் கொஞ்சம் மேலே ஏறும். கோபம் வந்தால் இன்னும் ஏறும். அவருக்கு அடிக்கடி கோபம் வரும்.

அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள ஒரு கொக்கு இருந்தது. காலையில் களப்புப் பக்கமிருந்து பறந்து வந்து ஐஸ் பெட்டியின் மூடிமேல் இறங்கும். வெயிலுக்கு அந்தக் குளிர் அதற்குப் பிடித்திருக்கவேண்டும். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பெரிய மனிதரைப் போல நிற்கும். வியாபாரி அசந்த நேரம் அவருடைய மீன் பெட்டிக்குள் கழுத்தை விட்டு ஒரு சூடை மீனைத் தூக்கிவிடும். லொறி பிந்தினாலும் சித்தப்பாவிடமிருந்து தகவல் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரி முறைத்தாலும் ஏச்சு கொக்குக்குத்தான். “இஞ்ச பார் இவர, முதலாளி வந்திட்டார், கணக்குப் பாக்கப் போறார்” என்று தொடங்கினால் கொக்கின் பரம்பரை முழுவதும் இழுபடும். கொக்கு ஒன்றுக்கும் அசையாது. இவ்வளவு ஏசுகிறவர், தகரத்துக்குக் கீழே ஒரு சிரட்டையில் அதற்கென்று இரண்டு மீன் எடுத்து வைத்திருப்பார். பொழுதுபட அது சிறகை விரிக்கும்போது ஏச்செல்லாம் நின்றுவிடும். “போயித்து மறுகா வா” என்பார். மறுகா என்றால் பிறகு. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை அனுப்பும்போது அப்படித்தான் சொல்வோம். நாளெல்லாம் ஏசிய கொக்கையும் விருந்துக்கு வந்த ஆளைப் போலத்தான் அவர் அனுப்பினார்.

நான் அப்போது நகரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் அனிமேசன் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆளுக்கொரு குறும்படம் செய்யவேண்டும். கூடப் படித்தவர்கள் வாள் தூக்கிய வீரர்களையும், பெரிய கண்ணுள்ள பள்ளிக்கூடப் பெண்களையும், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த இயந்திரங்களையும் கீறினார்கள். எனக்கு ஒரு பெண்ணும் ஒரு கொக்கும் போதும் என்று தோன்றியது. நாள் முழுக்க அவள் ஏசுவாள், அது நிற்கும். ஒரு நாள் அது வராது. அன்றைக்கு அவளுக்கு ஏச ஆளில்லாமல் பேச்சே வராது. அடுத்த நாள் அது வரும். கதை அவ்வளவுதான். நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவரை நாங்கள் சேர் என்போம். அவர் கேட்டுவிட்டு, இதில் செய்தி என்ன என்றார். செய்தி ஒன்றும் இல்லை, கொக்குத்தான் இருக்கிறது என்றேன். யோசித்துச் செய் என்று விட்டுவிட்டார்.

கதையில் உயிரென்று இருந்தது சின்னம்மாவின் குரல்தான். ஒலிப்பதிவுக் கருவியை அவர் முன்னால் நீட்டியபோது முதன்முதலாக அவருக்கு வாய் ஓடவில்லை. “ஆரைப் பாத்து ஏசுற மனே, இந்த அகப்பையையா?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையையும் மனே என்றுதான் கூப்பிடுவார்கள். சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாட்டு ஒப்புவிப்பதுபோல வந்தது. கடைசியில் கருவியைத் தகரத்தின் கீழே கட்டித் தொங்கவிட்டு, கொக்கு வரும்வரை இருவரும் காத்திருந்தோம். அது வந்து இறங்கியதும் மழை பெய்ததுபோலக் கொட்டினார். இடையில் ஐஸ் உடைபடும் சத்தமும் ஒரு வியாபாரியின் சிரிப்பும் விழுந்தன. எதையும் நான் வெட்டவில்லை.

பிறகு வாய் கீறுகிற வேலை. கடைத்தூணில் ஆணியில் தொங்கிய இந்தக் கண்ணாடியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, அவருடைய சொற்களை நானே சொல்லிச் சொல்லி என் உதட்டைப் பார்த்துக் கீறினேன். தாள்களை வேகமாகப் புரட்டிக் காட்டினேன். பார்த்தார். அவருக்குத் திருப்தியில்லை. “இது உன்ட வாய். என்ட முகத்தில உன்ட வாய ஏன் ஒட்டுற?” என்றார். சொன்னது சரிதான். கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி, ஐஸ் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, தானே சொல்லத் தொடங்கினார். சொல்லும்போது ஒரு விரல் மேலுதட்டுத் தழும்பை மறைத்தது. எங்கே போனாலும் அவருக்கிருந்த பழக்கம் அது. படம் எடுக்கும்போதும் அந்த விரல் அங்கே போய்விடும். மறைத்தால் எப்படிக் கீறுவது என்று நான் கேட்கவில்லை, பென்சிலை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கண்ணாடிக்குள் தன்னையே பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்தார். “கீறுறதெண்டா உள்ளதக் கீறு” என்றார். வியாபாரிகள் ஐஸுக்குக் காத்து நின்றார்கள். நில்லுங்கடா, புள்ளைக்கு வேலை இருக்கு என்று அவர்களுக்கும் ஏச்சு விழுந்தது. ஒரு நொடிப் பேச்சுக்குப் பன்னிரண்டு வாய் கீறவேண்டும். மறுகா என்ற சொல்லில் உதடு மூடி, திறந்து, குவிந்து, பிறகு அகலத் திறக்கும். அந்தத் திறப்பில்தான் இடது பக்கம் மேலே ஏறும். அந்த ஏற்றம் சரியாக வரும்வரை எத்தனை தாள் கிழித்தேனோ தெரியாது.

படம் முடிந்தது. கொழும்பில் ஒரு நிறுவனம் மாணவர் குறும்பட விழா நடத்துகிறது என்று சேர் அனுப்பிவைத்தார். தெரிவாகிவிட்டது. விழாவை மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோகப் போகிறார்கள், மட்டக்களப்பு நகர மண்டபம் ஒன்றில் என் படமும் காட்டப்படும் என்று தகவல் வந்தது. சின்னம்மா அன்றைக்குக் கடையைப் பூட்டினார். கோயில் திருநாளுக்கு மட்டும் உடுக்கும் சேலையை உடுத்தார். சொந்தக்காரரெல்லாம் சேர்ந்து ஒரு வான் பிடித்து வந்தார்கள். ஒரு வரிசை முழுவதும் மாங்கேணிதான். தன்னுடைய சத்தம் இந்தப் பெரிய மண்டபத்தில் கேட்கப்போகிறது என்று பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவருக்கும் சொல்லிவிட்டார். நான் பெருமையில் பூரித்துப்போயிருந்தேன்.

விளக்கு அணைந்தது. தகரக் கடை வந்தது, கொக்கு வந்து இறங்கியது, சின்னம்மாவின் முகம் திரும்பியது, வாய் திறந்தது. “ஏய் கொக்கே! இங்கேருந்து போயிடு, இல்லேன்னா அடிச்சிடுவேன்!” என்று ஒரு சின்னப்பெண்ணின் குரல் கொஞ்சியது. எனக்கு முதலில் விளங்கவில்லை. வேறு யாருடைய படத்தின் சத்தமோ தவறுதலாக ஓடுகிறது என்று நினைத்தேன். இல்லை, அது என் படத்துக்கென்றே பேசிய குரல்தான். தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன்களில் எல்லாப் பூனையும் எல்லா எலியும் பேசுமே, அதே தமிழ். ஐஸ் சத்தத்தைக் காணோம். அதற்குப் பதிலாக ஒரு துள்ளிசை. குரல் பேசி முடித்த பிறகும் சின்னம்மாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. வாய் மூடியிருந்தபோது குரல் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கொக்கு சிறகை விரித்தது. அந்த உதடு மூடி, குவிந்து, திறந்து, இடது பக்கம் ஏறியது. “அப்புறமா வா, செல்லம்!” என்றது குரல்.

சின்னம்மா என் பக்கம் குனிந்தார். கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

“ஆரு மனே அது, என்ட வாய்க்குள்ள நிண்டு கதைக்கிற?”

அதற்கு நான் பதில் சொல்வதற்கிடையில் மேடையில் நடுவர் பேசத் தொடங்கிவிட்டார். வண்ணங்கள் நன்றாம், கொக்கு நன்றாம். ஆனால் உதட்டசைவு குரலோடு பொருந்தவேயில்லையாம், மாணவி இதில் இன்னும் நிறைய உழைக்கவேண்டுமாம். அந்தப் பெண்ணின் வாய் ஒரு பக்கமாகக் கோணிப்போவதும் பயிற்சிக் குறைவைக் காட்டுகிறதாம். மாங்கேணி வரிசையில் இருந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து முன்வரிசைக்காரரும் திரும்பினார்கள். சின்னம்மா சேலைத் தலைப்பை இழுத்து மேலுதட்டை மூடிக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை அந்தத் தலைப்பை அவர் எடுக்கவில்லை.

அந்த நடுவரை நான் மன்னிக்கவில்லை என்று சொன்னால் அது அவருக்கு அநியாயம், அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்து செய்தவர்கள் இருந்தார்கள். மேடைக்குப் பின்னால் விழாவின் ஒருங்கிணைப்பாளரைப் பிடித்தேன். மிகவும் மரியாதையான அம்மா. குரல் மாற்றியதற்கு நான் நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நல்ல கலைஞர் ஒருவரைக் கொண்டு செய்வித்தோம், எங்கள் செலவிலேயே செய்வித்தோம் என்றார். யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று கேட்டேன். உங்கள் சேரைக் கேட்டோமே என்றார். சேர் பக்கத்தில்தான் நின்றார். என் நன்மைக்காகத்தான் ஒத்துக்கொண்டாராம். “கார்ட்டூன் எண்டா பிள்ளைகள் அந்தத் தமிழ்லதான் கேட்டுப் பழகியிருக்கு. மீன்காரி கதைக்கிற மாதிரி இருந்தா ஆர் பாப்பாங்க?” என்றார்.

“அவ மீன்காரி இல்ல சேர், ஐஸ்காரி. அவ அப்பிடித்தான் கதைப்பா. நீங்களும் வீட்டில அப்பிடித்தான் கதைப்பீங்க.”

அவர் முகம் சுருங்கியது. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கமுடியாதது. வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் பேச்சு விளங்கவில்லை என்று மாற்றியிருந்தால் அவருடைய அறியாமை என்று விட்டிருப்பேன். இவர் களப்பின் அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர். கைபேசியில் தன் தாயோடு ஓம் ஓம், மறுகா வாறன் என்று பேசுவதை எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். பேசி முடித்து, கைபேசியைப் பைக்குள் வைத்து, அந்தத் தமிழையும் அதனோடு பைக்குள் வைத்துவிட்டு வகுப்புக்குள் வருவார். நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றால் அந்தக் கூச்சத்தை யார் கற்றுக் கொடுத்தது? எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் விளையாடும்போது “டேய், நான்தான்டா ஹீரோ, நீ போயிடு” என்று கார்ட்டூன் தமிழில் சண்டை பிடிக்கிறார்கள், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எங்கள் தமிழுக்குத் திரும்புகிறார்கள். வீரமும் அதிசயமும் ஒரு தமிழில், சோறு மட்டும் நம்முடைய தமிழில் என்று அவர்களுக்குப் பழக்கிவிட்டிருக்கிறோம். அதை உடைக்கத்தானே ஒரு படமாவது செய்தேன். அதற்கும் வாயைப் பூட்டினார்கள்.

மூல ஒலியைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டுக் களைத்தேன். கொழும்புக்கு அனுப்பிய சீடி வட்டில் அது இருந்தது. புதிய குரலைச் சேர்த்த பிறகு பழையது தேவையில்லை என்று அழித்துவிட்டார்களாம். நிலையத்துக் கணினியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் அடுத்த வகுப்புக்காகத் துடைத்துவிட்டார்கள். என்னிடம் இருந்தது சத்தமில்லாத படம் மட்டும்.

திரும்பப் பதியலாம், நான் கொக்கோடு காத்திருக்கிறேன் என்று சின்னம்மாவிடம் போய் நின்றேன். அவர் ஐஸ் உடைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். “நான் ஒருக்கா குடுத்தன். அவங்க எறிஞ்சாங்க. இனி மெசினுக்குச் சொல்ல மாட்டன். கேக்க ஆசையெண்டா இஞ்ச வந்து கேக்கட்டும்” என்றார். நான் கெஞ்சினேன். என்னோடு அவருக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த முடிவை அவர் மாற்றவில்லை. தழும்பின் மேல் விரல் வைக்கும் பழக்கம் முன்னைவிட அதிகமாகியிருந்தது. கண்ணாடியும் ஆணியில் தொங்கவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, இனி எதுக்கு, நீ கொண்டு போ என்று எடுத்துத் தந்தார்.

அந்த ஆவணியில் மாதா கோயில் திருநாள் வந்தது. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கோயில் வளவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். என்னுடையதையும் போடு அக்கா என்று கேட்டார்கள். சத்தமில்லாததுதான் இருக்கிறது என்றேன். பரவாயில்லை, கடையும் கொக்கும் தெரிந்தால் போதும் என்றார்கள். ஓடத் தொடங்கியது. சனம் தங்கள் ஒழுங்கையைத் துணியில் பார்த்துச் சிரித்தது. படத்தில் சின்னம்மாவின் வாய் திறந்தது, மண்டபத்தில் கேட்டதுபோல இல்லாமல் ஒன்றும் கேட்கவில்லை. அது அவருக்குப் பொறுக்கவில்லை போலும். பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பி, துணிக்குப் பக்கத்தில் போய் நின்று, கொக்கைப் பார்த்து ஏசத் தொடங்கிவிட்டார். “இஞ்ச பார் இவர, முதலாளி வந்திட்டார்...” உதடு கூடும் இடத்தில் குரல் கூடியது. நிற்கும் இடத்தில் நின்றது. நான் கீறிய ஒரு வாய்கூடப் பிசகவில்லை. மேலே துணியில் பெரிய உதடு இடது பக்கம் ஏற, கீழே சின்ன உதடும் ஏறியது. அவருடைய இரண்டு கையும் இடுப்பில் இருந்தன. நான் ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

அதன்பிறகு அது ஊர் வழக்கமாகிவிட்டது. திருநாளுக்கு, வாசிகசாலை விழாவுக்கு, பாலர் பாடசாலைக் கலைவிழாவுக்கு என்று எங்கே துணி கட்டினாலும் கொக்குப் படம் ஓடும், சின்னம்மா பக்கத்தில் நின்று பேசுவார். ஆளைப் பார்த்து ஏச்சைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொல்வார், வாய்க்கு மட்டும் பொருந்திவிடும். போகப் போக சனத்துக்கும் பாடமாகிவிட்டது. கடைசி வரியை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். கதிரவெளியிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

போன மாரியில் சின்னம்மா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவில்லை. கொக்கு பிறகும் வந்ததா என்று பலர் என்னைக் கேட்டார்கள். தெரியாது, நான் போய்ப் பார்க்கவில்லை.

ஒருங்கிணைப்பாளர் அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தது அதற்குப் பிறகுதான். மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. பழைய படங்களைத் திரும்பக் காட்டப்போகிறார்களாம், அதே மண்டபத்தில். “இப்ப வட்டாரத் தமிழுக்கு நல்ல மதிப்பு இருக்குது பாருங்க. உங்கட படத்தை மட்டக்களப்புத் தமிழ்ல போட்டா எவ்வளவு நல்லா இருக்கும்” என்றார். அதைப் பேசியவர் இறந்துவிட்டார், பேசியதை நீங்கள் அழித்துவிட்டீர்கள் என்றேன். அனுதாபம் சொன்னார். திருநாளில் யாரோ கைபேசியில் எடுத்த காட்சிகள் இருக்கின்றன என்றேன். அனுப்பச் சொன்னார், கேட்டுப் பார்த்தார். சனத்தின் சிரிப்பும் ஜெனரேட்டர் இரைச்சலும்தான் கேட்கிறது, தரம் போதாது என்றார். பிறகு தயங்காமல் சொன்னார்: “எங்களிட்ட ஒரு கலைஞர் இருக்கிறா. எந்த ஊர்த் தமிழையும் அப்படியே பேசிக் காட்டுவா. உங்கட சின்னம்மா மாதிரியே செய்யலாம்.”

முதலில் மீன்காரித் தமிழ் என்று எறிந்தார்கள். இப்போது அதற்குச் சந்தை வந்ததும் அதைப் போலவே ஒன்று செய்து தருகிறார்களாம். எறிந்ததைவிட இது கேவலமாகப் பட்டது. சத்தமில்லாமல் போடுங்கள், இல்லாவிட்டால் போடவே வேண்டாம் என்றேன். விளங்காமல் யோசித்து, சரி என்றார். நிகழ்ச்சி நிரலில் மௌனப்படம் என்று அச்சடித்திருந்தார்கள். சின்னம்மாவை மௌனம் என்று சொன்ன முதல் ஆட்கள் அவர்களாகத்தான் இருக்கும்.

மாங்கேணியிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். நான் அழைத்தேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. படம் தொடங்கியது. கொக்கு இறங்கியது. மண்டபத்தில் இருமல் சத்தம் மட்டும். வாய் திறந்தது. பின்வரிசையிலிருந்து, சின்னம்மாவிடம் ஐஸ் வாங்கிய வியாபாரி ஒருவரின் கரகரத்த குரல், “இஞ்ச பார் இவர” என்றது. முதலாளி வந்திட்டார் என்று பெண்கள் தொடர்ந்தார்கள். யாரும் எழும்பவில்லை, கைதட்டவில்லை. செபம் சொல்வதுபோல உட்கார்ந்தபடியே வரிக்கு வரி சொன்னார்கள். உதடு கூடும் இடத்தில் அத்தனை பேரும் கூடினார்கள், நிற்கும் இடத்தில் நின்றார்கள். மேடையருகே இருந்தவர்கள் திரையைப் பார்ப்பதா பின்னால் பார்ப்பதா என்று தெரியாமல் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். சேரும் அங்கே இருந்தார். அவருடைய வாய் அசைந்ததா என்று நான் பார்க்கவில்லை, பார்க்க விருப்பமும் இல்லை. கொக்கு சிறகை விரித்தது. அந்த உதடு இடது பக்கம் ஏறியது.

“போயித்து மறுகா வா.”

வெளியே வந்தபோது ஒருங்கிணைப்பாளர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லக்கூடாது. இவர்களை அப்படியே கொழும்புக்குக் கூட்டிப்போய் ஒலிப்பதிவு செய்துவிடலாம், வாகனம் நாங்கள் தருகிறோம் என்றார். எனக்குப் பதில் யோசிக்கத் தேவைப்படவில்லை. இனி மெசினுக்குச் சொல்ல மாட்டோம், கேட்க ஆசையென்றால் மாங்கேணிக்கு வாருங்கள் என்றேன்.

அந்த மற்றக் குரலோடு விழாக்காரர் ஏற்றிய படம் இணையத்தில் இன்னும் கிடக்கிறது. எடுக்கச் சொல்லி அலுத்துவிட்டேன். கீழே யாரோ, படம் நல்லம், வாய்தான் பொருந்தவில்லை என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். என் மேசையில் கண்ணாடி இருக்கிறது. சின்னம்மா ஐஸ் பெட்டிமேல் ஏறியிருந்து கையை எடுத்து மடியில் வைத்தது இந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான். உங்களுக்கு அந்தப் படம் எங்காவது தட்டுப்பட்டால் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் ஒரு கண்ணாடி இருக்கும், எடுத்து முன்னால் வையுங்கள். போயித்து மறுகா வா என்று ஒருமுறை சொல்லி, உங்கள் உதடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். அவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும்.